மடங்காத துப்பாக்கி

கச்சான் கிளம்பிய மூன்றாம் நாள்
இரண்டாம் நம்பர் துப்பாக்கி
மடங்க மாட்டேன் என்றது.

அரியமானில் சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில்
என் கடை. தார்ப்பாய், பலகை, ஆறு வரிசை பலூன்.
பத்துக் குண்டு நாற்பது ரூபாய்.
சுடுவது அவர்கள், மடக்கிக் கொடுப்பது நான்.
ஞாயிறு என்றால் இருநூறு மடக்கு:
குழலைப் பிடித்துக் கீழே இழுத்தால்
உள்ளே ஸ்பிரிங் குறுகிக் குறுகி
க்ளிக் என்று கொக்கியில் விழும்.
அந்தச் சத்தத்துக்குத்தான்
என் வலது தோள் சம்பளம் வாங்குகிறது.

பரமக்குடியிலிருந்து வேனில் வந்த பையன்கள்
ஆளுக்கொரு தடவை தொங்கிப் பார்த்தார்கள்.
ஒருத்தன் முழங்காலில் வைத்து அழுத்தினான்.
"குழல் வளைஞ்சா நீ சுடுற குண்டு
மண்டபத்துல போய் விழும், குடு இங்க"
பிடுங்கிக்கொண்டேன்.

"உப்புக்காத்து, செபஸ்தியக்கா"
என்றான் சுண்டல் விற்கும் சந்தியாகு.
வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து, போனில்:
"துப்பாக்கிக்கு ஒன்னுமில்ல.
ஒனக்கு நாப்பத்தாறு ஆச்சு."
கொஞ்ச நேரம் நம்பிவிட்டேன்.
அதுதான் எரிச்சல்.

ஒன்றாம் நம்பரை எடுத்து மடக்கினேன்.
எப்போதும்போல் மடங்கியது.
தோள் மேல் கேஸ் இல்லை.

இரவு கடையைச் சாத்தி, கீல் போல்ட்டைக் கழற்றினேன்.
மணல். ஒரு கிளிஞ்சல் பொடி.
மண்ணெண்ணெயில் கழுவி
கிரீஸ் தடவி முடுக்கினேன்,
ஆடாமல், இறுகாமல்.
பாதி வழிவரை வெண்ணெய்.
அப்புறம் கரகரவென்று,
சோற்றோடு மீன் முள்ளைக் கடித்த மாதிரி.
அடியில் இருக்கும் நெம்புகோலைக் கண்ணாடிமேல் கிடத்தினேன்:
நேராகத்தான் இருந்தது.
அப்படியானால் உள்ளே.

உள்ளே என்றால் பயம்.
போன வருஷம் வேலைக்கு நின்ற இன்னாசி
நல்லது செய்வதாக நினைத்துத் தேங்காய் எண்ணெய் ஊற்றினான்.
முதல் சூட்டில் தீபாவளிச் சத்தம்,
வெள்ளைப் புகை, பலூனோடு பலகையும் ஓட்டை.
ஸ்பிரிங்கோ வேறு ஜாதி.
ஆணியை உருவினதும் பல்லைப் பெயர்க்கப் பாயும்.

சூசைமிக்கேல் பட்டறையில்
வள்ளத்துப் பலகையை நெருக்கும் கவ்வி உண்டு.
துப்பாக்கியை அதில் நீளவாக்கில் கடிக்கவைத்து
ஆணியை உருவி
அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்தினேன்,
முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி.
பின்னால் யாரும் நிற்காதீங்க என்றேன்.
நின்றது ஒரு நாய்.

ஒன்று என்று நினைத்தது இரண்டாக வந்தது.
நடுவில் ஒடிந்து
ஒடிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று திருகி ஏறி
முழு ஸ்பிரிங் மாதிரி நடித்துக்கொண்டு.

எப்போது ஒடிந்தது?
பொங்கலிலா, பரீட்சை லீவிலா?
அத்தனை நாளும் குண்டு போய்க்கொண்டுதான் இருந்தது,
பலூனுக்கு ஒரு சாண் கீழே.
நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்:
"கை ஆடுது சார்."
இளையான்குடி மாப்பிள்ளை ஒருவர்,
பக்கத்தில் மருதாணி காயாத பெண்.
பத்தும் தவறியது.
அவரிடமும் அதைத்தான் சொன்னேன்.
அவர் தன் கையைப் பார்த்தார்,
அந்தப் பெண்ணும் பார்த்தது.

மதுரையிலிருந்து பார்சலில் வந்த ஸ்பிரிங்
ரொம்ப முரடு.
பலூனுக்கு எதற்குப் பன்றி வேட்டை வேகம்?
இரண்டு சுற்று வெட்டி
முனையை அடுப்பில் சிவக்கவைத்துத் தட்டையாக்கி
உப்புத்தாளில் தேய்த்து
கறுப்பு கிரீஸை நகக்கண் அளவு பூசி ஏற்றினேன்.
தோல் வாஷருக்கு அதற்கான எண்ணெய், இரண்டே சொட்டு.
வெறுமனே சுட்டுப் பார்க்கவில்லை, குண்டு போட்டுத்தான்.
போடும்போது குழலை இடது கையால் பிடித்தபடி:
கொக்கி நழுவினால் விரல் போகும்.

க்ளிக்.
மஞ்சள் பலூன், நடு வரிசை.

வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை.
இளையான்குடிக்காரர் பேர் தெரியாது.
யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்,
பத்துக் குண்டு அவருக்கு இலவசம்.
அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.